ஒப்படைக்கப் போகிற வழியில்

எனக்கு முன்னால் ஒன்பது வண்டிகள் நிற்கின்றன. ஒன்பதோ பத்தோ, அந்த மினி லாரிக்கு முன்னால் ஒரு ஆட்டோ மறைந்து நிற்கிறதோ என்னவோ. பாலாற்றுப் பாலம் தொடங்குகிற இடத்தில் பாதி ரோட்டுக்கு இரும்புத் தடுப்பு வைத்து ஒவ்வொரு வண்டியாக நிறுத்திப் பார்க்கிறார்கள். தேர்தல் தேதி அறிவித்த நாளிலிருந்து எல்லா ரோட்டிலும் இப்படித்தான் என்று பால் ஊற்ற வந்தவள் சொன்னாள், நான்தான் காதில் வாங்கவில்லை. ஒரு பெண் போலீஸ், ஒரு ஏட்டு, நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிற ஒரு ஆள், தோளில் கேமராவோடு இன்னொரு ஆள். பணம் கொண்டுபோகிறார்களா என்று பார்ப்பார்களாம். பணமாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். என் பக்கத்து சீட்டில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய முழங்கால்களுக்கு நடுவில் அவருடைய டபுள் பேரல் துப்பாக்கி நிற்கிறது, காக்கித் துணி உறைக்குள். நேராகப் பிடித்தால் காரின் கூரை இடிக்கிறது என்று கொஞ்சம் சாய்த்துப் பிடித்திருக்கிறார். சாய்த்தது என் பக்கம். அதன் வாய் என் இடது காதுக்கு ஒரு சாண் தள்ளி இருக்கிறது. நான் பிரேக் போடும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் நெருங்கி வருகிறது. உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

சொல்லிவிட வேண்டும். அவர்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும். கண்ணாடியை இறக்கியவுடனே, வணக்கம் சார், எங்க வீட்டுக்காரர் மிலிட்டரியில இருந்தவரு, லைசென்ஸ் துப்பாக்கி வச்சிருக்காரு, தேர்தலுக்காக ஸ்டேஷன்ல ஒப்படைக்கப் போறோம். இவ்வளவுதான். இதில் என்ன தப்பு இருக்கிறது. போன தேர்தலுக்கும் அதற்கு முந்தைய தேர்தலுக்கும் அவரே ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார், முடிந்ததும் போய் வாங்கிக்கொண்டு வந்தார். பட்டாளத்திலிருந்து வந்த பிறகு பதினாறு வருஷம் ஒரு பாங்கு வாசலில் இந்தத் துப்பாக்கியோடுதான் உட்கார்ந்திருந்தார். சுபேதார் தனகோட்டி என்றால் அந்தத் தெருவில் டீக்கடைக்காரர்கூட எழுந்து நிற்பார். லைசென்ஸ் புத்தகம் அவர் சட்டைப் பையில் இருக்கிறது. ஏழு நாளைக்குள் ஒப்படைக்கவும் என்று ஸ்டேஷனிலிருந்து வந்த கடிதம் என் கைப்பையில் இருக்கிறது. எல்லாக் காகிதமும் சரியாக இருக்கிறது. ஒரு காகிதத்தை மட்டும் நான் கொண்டுவரவில்லை, அது வீட்டில் அரிசி டிரம்முக்கு அடியில் கிடக்கிறது, டாக்டர் எழுதிக் கொடுத்தது. சார், துப்பாக்கி இருக்கு என்று சொன்னால் போதாது. சார், துப்பாக்கி இருக்கு, அதைப் பிடிச்சிருக்கிறவருக்குப் புத்தி ஒரு நேரம் இருக்கு, ஒரு நேரம் இல்ல என்று சொல்ல வேண்டும். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது. முதல் பாதியைச் சொல்லி இரண்டாவது பாதியை விட்டால், அந்தப் பெண் போலீஸ் எட்டிப் பார்த்து ஏதாவது அதட்ட, இவருக்கு அந்த நேரம் பார்த்து எது தோன்றுமோ. அவள் சின்னப் பெண். என் மகள் ஹேமலதாவைவிடச் சின்னவள். தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொள்கிறாள். நெற்றியில் தொப்பி அழுத்திய கோடு இங்கிருந்தே தெரிகிறது.

ஒரு வண்டி நகர்ந்தது. நானும் நகர்ந்து நின்றேன், மெதுவாக, மெதுவாக, கால் நடுங்கினால் பிரேக் குலுக்கும். உறையிலிருந்து எண்ணெய் வாசனை வருகிறது. இன்று காலை அவரே துடைத்துப் போட்ட எண்ணெய். காலையில் எவ்வளவு நன்றாக இருந்தார். தானே முகம் மழித்துக்கொண்டார், ஷூவுக்குப் பாலிஷ் போட்டார், இன்னிக்கு ஒப்படைக்கணும் இல்ல ரேணு என்று என் பெயரைச் சொல்லிக் கேட்டார். அந்தப் பெயரை அவர் வாயால் கேட்டு நான்கு நாள் ஆகியிருந்தது. கூடத்தில் பழைய வேட்டியை விரித்து, துப்பாக்கியைப் பிரித்துப் பரப்பி, ஒவ்வொன்றாகத் துடைத்தார். சட்டைப் பித்தானை மாற்றிப் போடுகிற அதே விரல்கள் அங்கே மட்டும் தடுமாறவே இல்லை. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கண்ணை எடுக்கக் கூடாது என்றுதான் நின்றேன். அப்போது பார்த்து குக்கர் விசில் அடித்தது. போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன், ஒரு நிமிஷம் இருக்குமா, அதற்குள் எல்லாம் கோத்து, உறைக்குள் போட்டு, பட்டையை இழுத்துக் கட்டியிருந்தார். தோட்டா டப்பா பக்கத்தில் திறந்து கிடந்தது. உள்ள போட்டீங்களா என்று கேட்டேன். எதை என்றார். தோட்டா என்றேன். என்னைப் பார்த்தார். உனக்கு எதுக்கு அதெல்லாம் என்றார். அந்த ஒரு நிமிஷம். சாதம் குழைந்தால் குழைந்துவிட்டுப் போகிறது என்று நான் ஏன் நிற்கவில்லை. கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை என்று அந்த உறையை ஏன் பிடுங்கிப் பார்க்கவில்லை. பிடுங்கினால் எனக்கு அதைத் திறக்கத் தெரியுமா. முப்பத்தாறு வருஷம் அவரோடு வாழ்ந்தும் அதை எங்கே அழுத்தினால் திறக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் மட்டும் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன் என்று ஸ்டேஷனுக்கு போன் பண்ணிக் கேட்டேன், லைசென்ஸ் யார் பேர்ல இருக்கோ அவர் நேர்ல வரணும்மா, கையெழுத்து வேணும் என்றார்கள். டிக்கியில் வைக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். என் ஆயுதம் என் கையிலதான் இருக்கும் என்று ஏறி உட்கார்ந்துவிட்டார். வேறு என்ன செய்திருக்க முடியும். ஏதாவது செய்திருக்கலாம். என்ன என்றுதான் தெரியவில்லை.

இன்னும் ஏழு. மினி லாரியின் பின்னால் வைக்கோல், அதன் மேல் ஒரு ஆடு எங்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. வெயில் கண்ணாடி வழியாக என் முழங்கையைச் சுடுகிறது. ஏங்க, தண்ணி குடிக்கிறீங்களா என்றேன். அவர் திரும்பவில்லை. தடுப்புப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறார். யாரு இவங்கல்லாம் என்றார். போலீஸுங்க, தேர்தல் இல்ல, அதான் வண்டி பாக்கறாங்க என்றேன். ம் என்றார். அந்த ம் எனக்குப் பிடிக்கவில்லை. மாசி மாசம் அந்த மத்தியானத்திலும் அப்படி ஒரு ம் சொல்லிவிட்டுத்தான் கூடத்திலிருந்து எழுந்து போனார். நான் சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். வாசற்படியில் நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் தோளில் துப்பாக்கியைப் பொருத்திக்கொண்டு நிற்கிறார். தம், கோன் ஆத்தா ஹை என்றார். குரல் அவருடையதுதான், ஆனால் நான் கேட்டிராத வயசுக் குரல். நில், யார் வருவது. அம்பாலா குவார்ட்டர்ஸில் இருந்தபோது, கல்யாணமான புதிதில், கடையிலிருந்து நான் திரும்பி வந்தால் கதவுக்குப் பின்னால் நின்று விளையாட்டுக்கு அப்படிக் கேட்பார். தோஸ்த், சிநேகிதன், என்று நான் சொல்ல வேண்டும், சொன்னால்தான் கதவு திறக்கும். சமையலறையில் என் கையில் தேங்காய் மூடி. பெயரைச் சொல்லலாமா, ஏங்க நான்தான் என்று சொல்லலாமா என்று ஓடியது, வாயில் வந்தது தோஸ்த். அவர் இறக்கினார். திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார். ஒரு மணி நேரம் கழித்து எழுந்து காபி இருக்கா என்றார். நான் காபி கொடுத்தேன். தேங்காயைத் துருவி முடித்தேன். அன்றைக்கு உள்ளே தோட்டா இருந்ததா என்று இன்று வரை தெரியாது. துப்பாக்கி வைக்கிற பீரோவின் சாவி அவர் அரைஞாண் கயிற்றில் இருக்கிறது, தூங்கும்போது அறுத்து எடுத்துவிடலாம் என்று எத்தனையோ முறை பக்கத்தில் போய் நின்றிருக்கிறேன். விழித்துக்கொண்டு, திருடன் என்று நினைத்துவிட்டால்.

ஹேமலதாவிடம் சொல்லவில்லை. புனேயிலிருந்து போன் பண்ணும்போதெல்லாம் அப்பா எப்படிம்மா இருக்கார் என்பாள், நல்லா இருக்கார்டி, வயசாச்சு, கொஞ்சம் மறதி என்பேன். போனை அவரிடம் கொடுத்தால் சாப்டியாம்மா, பசங்க படிக்கிறாங்களா என்று சரியாகவே கேட்பார். அவர் சொல்லக் கூடாது என்று சொல்லியிருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால், டாக்டர் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்ன பிறகு, ஆஸ்பத்திரி கேன்டீனில் எதிரெதிரே உட்கார்ந்து டீ குடித்தோம். டம்ளரைத் தள்ளி வைத்தார். பிறகு, இத யார்கிட்டயும் சொல்லாத ரேணு, எவனும் என்னைப் பாவம்னு பாக்கக் கூடாது என்றார். சரிங்க என்றேன். அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை, அது வேண்டும் இது வேண்டும் என்று சொன்னதில்லை. கேட்டது அது ஒன்றுதான். இரண்டு வருஷமாக என் தங்கச்சிக்குத் தெரியாது, பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. காது சரியாக் கேக்கல என்பேன், தூக்க மாத்திரை போட்டிருக்கார் என்பேன். பொய் சொல்லிச் சொல்லி எனக்கே சில நேரம் மறந்துவிடும், உண்மையிலேயே காதுதான் கேட்கவில்லை போலிருக்கிறது என்று தோன்றும். இப்போது நடு ரோட்டில், கேமராவுக்கு முன்னால், யாரென்றே தெரியாத ஒரு பெண்ணிடம், அவர் காது கேட்க. முடியாது. வண்டியைத் திருப்பிவிடலாம். பின்னால் பஸ் நிற்கிறது, அதற்குப் பின்னால் இன்னொரு பஸ். திருப்பினால் விரட்டிக்கொண்டு வருவார்கள், துரத்துகிறார்கள் என்று இவர் நினைப்பார். கதவைத் திறந்துகொண்டு இறங்கி ஓடிவிடலாம். இவரை இதோடு விட்டுவிட்டா. என்ன நினைப்பு இது. மூன்று வண்டி. இரண்டு. ஆடு போய்விட்டது.

பெண் போலீஸ் கையைக் காட்டினாள். நிறுத்தினேன். கண்ணாடியை இறக்கினேன். சொல்லிவைத்திருந்த வாக்கியம் ஒன்றுகூட இல்லை. "எங்கிருந்தும்மா வரீங்க? டிக்கியத் தெறங்க." வாயைத் திறந்தேன். "இவருக்கு ஞாபகம் சரியில்லம்மா" என்றேன். அதுதான் முதலில் வந்தது, அதைத்தான் கடைசியில் சொல்ல நினைத்திருந்தேன். அவள் புரியாமல் குனிந்தாள். "என்னம்மா? பணம் ஏதாவது இருக்கா வண்டியில?" "பணம் இல்லம்மா. துப்பாக்கி இருக்கு. அவர் கையில. ஒப்படைக்கத்தான் போறோம். நீங்க சத்தம் போடாதீங்க, சத்தம் போட்டா பயந்துடுவாரு." அவள் சத்தம் போடவில்லை, ஆனால் இரண்டு அடி பின்னால் போனாள், போய்க்கொண்டே அண்ணே என்று கூப்பிட்டாள். ஏட்டு திரும்பினார். கேமராக்காரன் திரும்பினான். எழுதிக்கொண்டிருந்த ஆள் நாற்காலியை விட்டு எழுந்து மரத்துக்குப் பின்னால் போனார். என் இடது காதில் ஒரு சின்னச் சத்தம், உறைத் துணி எதன்மேலோ உரசுகிற சத்தம். நான் திரும்பவில்லை. கழுத்து திரும்பவில்லை. ஸ்டியரிங்கின் நடுவில் இருக்கிற ஒரு கீறலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏட்டு அவர் பக்கமாகப் போய் நின்றார். அந்தப் பக்கக் கண்ணாடி ஏற்கெனவே இறங்கித்தான் இருந்தது. வயசானவர், மீசை நரைத்திருந்தது. "ஐயா வணக்கம். என்னங்க கையில?" என்றார். அதற்கு அப்புறம் நடந்தது எனக்கு நம்ப முடியவில்லை. என் வீட்டுக்காரர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். பெயரைச் சொன்னார். ரேங்கைச் சொன்னார். பட்டாள நம்பரை ஒரு எண் தப்பாமல் சொன்னார். "ட்வெல்வ் போர் துப்பாக்கி, டபுள் பேரல், லைசென்ஸ் செல்லுபடி ஆகுற தேதி அதுலயே இருக்கு, பாருங்க" என்று சட்டைப் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து நீட்டினார். "எலக்‌ஷனுக்காக ஸ்டேஷன்ல டெபாசிட் பண்ணப் போறேன். ஒவ்வொரு எலக்‌ஷனுக்கும் பண்றதுதான்." ஏட்டு புத்தகத்தைப் புரட்டினார், முகம் இளகிவிட்டது. "எங்க அண்ணனும் மிலிட்டரிதான் சார்" என்றார். இரண்டு பேரும் ஏதோ ஊர் பெயர் சொல்லிக்கொண்டார்கள். பிறகு ஏட்டு குனிந்து என்னைப் பார்த்தார். "நல்லாத்தானேம்மா இருக்காரு. நம்மளவிட ஸ்டெடியா இருக்காரு. ஏம்மா பயமுறுத்தறீங்க?" பெண் போலீஸ் சிரித்தாள். நான் சொன்னது பொய்யாகிவிட்டது. இரண்டு வருஷமாகச் சொன்ன பொய்யையெல்லாம் நம்பினார்கள், ஒரே ஒரு தடவை உண்மையைச் சொன்னேன், அது பொய்யாகிவிட்டது. "லோடு பண்ணியிருக்கான்னு மட்டும் பாருங்க சார்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை, கணவனைக் காட்டிக்கொடுக்கிற குரல். "சார், காலியா?" என்று ஏட்டு அவரைக் கேட்டார். "காலிதான்" என்றார் இவர். "காலின்னு சொல்றாருல்ல. கெளம்புங்கம்மா, பின்னாடி பஸ் நிக்குது பாருங்க. ஸ்டேஷன் மூணு கிலோமீட்டர்தான்."

பஸ்காரன் ஹாரன் அடித்தான். இன்னொரு பஸ்ஸும் அடித்தது. மூன்று கிலோமீட்டர். பாலம், அதற்கப்புறம் பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வேகத்தடை. இரண்டு வேகத்தடை. கியரில் கை வைத்தேன். பிறகு என்ன செய்கிறேன் என்று தெரியாமலே சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தேன். "என்னம்மா?" என்றாள் பெண் போலீஸ். "நான் ஓட்ட மாட்டேன்" என்றேன். "மேடம், டிராஃபிக் ஆவுது." "ஓட்ட மாட்டேன்மா. என்னால முடியல." ஏட்டு எரிச்சலாக ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போது பக்கத்திலிருந்து இவர் குரல் வந்தது, மெதுவாக, கொஞ்ச நேரத்துக்கு முன்னால் நம்பர் சொன்ன குரல் இல்லை. "சார். அவ சொல்றது நெசம்தான்."

ஏட்டு நின்றுவிட்டார். "நம்பரெல்லாம் வருது சார். அது தானா வருது" என்றார் இவர். "காலையில இன்னா சாப்ட்டேன்னு கேளுங்க, தெரியாது. தோட்டா போட்டனா இல்லியான்னு தெரியாது. காலின்னு சொன்னேன். வேற இன்னா சொல்றதுன்னு தெரியல." உறைப் பட்டையை அவிழ்த்தார். துப்பாக்கியை வெளியே எடுத்து, வாயைக் கீழே, ரோட்டைப் பார்க்கத் திருப்பி, ஜன்னல் வழியாக இரண்டு கையாலும் நீட்டினார். "நீங்களே பாத்துக்குங்க." என் காதுக்குப் பக்கத்தில் வெறும் காற்று. ஏட்டு வாங்கினார், நான்கு எட்டு நடந்து ஆற்று மணல் பக்கமாகத் திரும்பி நின்று அதை மடக்கித் திறந்தார். முதுகுதான் தெரிந்தது. அந்த முதுகு அப்படியே நின்றது. பிறகு அவர் வலது கை எதையோ உருவி எடுத்தது. திரும்பி வந்தபோது உள்ளங்கையில் சிவப்பாக ஒன்று. ஒரே ஒரு தோட்டா. இரண்டு குழாயில் ஒன்றில் மட்டும் போட்டிருக்கிறார், இன்னொன்றை மறந்திருக்கிறார், இல்லை, இரண்டையும் எடுக்கும்போது ஒன்றை மறந்திருக்கிறார். ஏட்டு என்னிடம் காட்டவில்லை, அவரிடமும் காட்டவில்லை. பெண் போலீஸ் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள். ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. வீட்டிலிருந்து இந்தப் பாலம் வரைக்கும் எத்தனை பள்ளம், எத்தனை தடவை பிரேக் போட்டேன் என்று மனசு எண்ண ஆரம்பித்தது, அதை நிறுத்தத் தெரியவில்லை.

அதற்கப்புறம் அவர்கள்தான் எல்லாம் செய்தார்கள். ஏட்டு ஜீப்பில் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு முன்னால் போனார், நான் பின்னால் ஓட்டினேன். ஓட்ட முடிந்தது. ஸ்டேஷனில் மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள், காட்டிய இடத்தில் அவர் கையெழுத்துப் போட்டார், கோணாமல் போட்டார். ஏட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "டாக்டர் சீட்டோட கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்துடுங்கம்மா, லைசென்ஸ ரத்து பண்ணிடுவாங்க. இனிமே இது வீட்டுக்கு வர வேணாம்" என்றார். "கேஸ் ஏதும் எழுதல. எங்க அண்ணனுக்கும் இப்ப இப்படித்தான்" என்று எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. படி இறங்கும்போது என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நீ சொல்லிட்ட இல்ல என்பார் என்று காத்திருந்தேன். அதற்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே கார் கதவைத் திறந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும். கேன்டீனில் சரின்னு சொன்னியே என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், அங்கேயே காலில் விழுந்திருப்பேன்.

அவர் உட்கார்ந்தார், முழங்கால்களுக்கு நடுவில் கையை விட்டுத் துழாவினார். சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தார், பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தார். "துப்பாக்கி எங்க?" என்றார். முகத்தில் பயம். "ஒப்படைச்சாச்சுங்க" என்றேன். "யாரு? யாரு குடுத்தது?" "நீங்கதான் குடுத்தீங்க." "நானேவா?" "நீங்களே, ரெண்டு கையாலயும்." யோசித்தார். "நானே குடுத்திருந்தா சரிதான்" என்று பின்னால் சாய்ந்துகொண்டார். பள்ளிக்கூடத்து வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கினேன். பழக்கத்தில் தலை வலது பக்கம் சாய்ந்தது. பாலத்தில் ஏறும்போது மறுபடியும் கையைக் கீழே விட்டுத் துழாவினார். "ஏம்மா, என் துப்பாக்கி எங்க?" என்றார், ரேணு இல்லை, ஏம்மா. தடுப்புப் பக்கத்தில் அந்தப் பெண் போலீஸ் எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். அவரும் பதிலுக்குத் தூக்கினார், யாரு அது என்று என்னைக் கேட்டார். அங்கே என்ன நடந்தது என்று இந்த வண்டியில் என் ஒருத்திக்குத்தான் தெரியும். கோபித்துக்கொள்ள வேண்டியவர் மறந்துவிட்டார். மன்னிக்க வேண்டியவரும் அவர்தான். "ஒப்படைச்சாச்சுங்க" என்றேன். "யாரு குடுத்தது?" என்றார். "நீங்கதான்" என்றேன்.